பூண்டுக் குழம்பும் அரை மணி நேரமும்

ஒண்ணு அஞ்சு. கை கழுவியாச்சு. வாயும் கொப்புளிச்சாச்சு, வெறும் தண்ணிதான், மூணு வாட்டி, கன்னத்த பலூன் மாதிரி உப்பி உப்பி, நான் வேல பாக்குற பல்லாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாப்புல. இனிமே அர மணி நேரத்துக்கு பிரஷ்ஷத் தொடக் கூடாது. அப்படின்னா ஒண்ணு முப்பத்தஞ்சு. எங்க வீட்டுக்காரரு வாறது ஒண்ணரைக்கு. அஞ்சே அஞ்சு நிமிஷம் இடிக்குது. ஏழு வருஷம் கழிச்சு வாற மனுசன் ஒரு அஞ்சு நிமிஷம் பிந்தி வந்தா கொறஞ்சா போயிருவாரு? பிந்த மாட்டாரு. திங்குறது, தூங்குறது, கோவப்படுறது எல்லாம் அவருக்கு டயத்துக்கு நடக்கணும். என்ன விட்டுட்டுப் போன அன்னைக்கே ஆறே முக்கா பஸ்ஸுக்கு ஆறரைக்கே ஸ்டாண்டுல போய் நின்ன ஆளு. அந்தா செவத்துல மாட்டிருக்கேன் பாரு கடிகாரம், பல்லு மாதிரியே செஞ்சது, கீழ ரெண்டு வேரு, நடுவுல ஒரு சிரிப்பு, பேஸ்ட்டு கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது, டாக்டரம்மா எனக்குக் குடுத்துட்டாக. அது பல்லக் காட்டிக்கிட்டே ஓடுது. ஓடுடி ஓடு. முந்தாநாளு போன் பண்ணுனாரு. "சந்தனமாரி, நாந்தான். ஞாயித்துக்கெழம வாரேன். இனிமே அங்கிட்டே வந்து இருந்துக்கலாம்னு நெனைக்கிறேன். நீ என்ன சொல்லுற?" என்ன சொல்லுறதாம். ஒரு பொம்பளைக்கு அப்ப என்ன வாய்ல வரணும்? ஏன் போனன்னு வரணும், எவ வீட்டுல கெடந்தன்னு வரணும், நாலு கெட்ட வார்த்தையாச்சும் வரணும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கை வந்துச்சு. எடது கை தானா எந்திரிச்சு வாயப் பொத்திக்கிச்சு. போன்ல! அங்க ஈரோட்டுப் பக்கம் எங்கிட்டோ நிக்குற ஆளுக்கு இங்க விருதுநகர்ல என் வாய் நாறிருமாம். பொத்துன கைக்குள்ளயே, "நேர்ல வாங்க, வந்தப்பறம் சொல்லுறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டேன். அப்ப இருந்து இப்ப வரைக்கும் சரின்னு சொல்லவா வேணாம்னு சொல்லவான்னு யோசிக்கணும்னுதான் உக்காருறேன். உக்காந்தா பல்லு வெளக்குறதப் பத்தியே நெனப்பு போகுது. பெரிய கேள்விய ஓரமா வச்சுட்டு சின்னக் கேள்வியச் சுத்திச் சுத்தி வாரேன், செக்குல கட்டுன மாடு மாதிரி.

பூண்டுக் கொழம்பு வச்சது வேணும்னேதான். அத நான் மறைக்கல. காலைல உரிக்கும்போதே வீம்பு. ஏழு வருஷத்துல ஞாயித்துக்கெழமைக்கு எனக்குப் புடிச்சத நான் வச்சுத் தின்னேன், இன்னைக்கு ஒருத்தரு வாறாருன்னு கத்திரிக்காக் கூட்டு வைக்கணுமா? முப்பது பல்லு உரிச்சேன். பூண்டுக்கும் பல்லுன்னுதான் பேரு, வாய்க்குள்ள இருக்கதுக்கும் பல்லுன்னுதான் பேரு, எவன் வச்சானோ, கொழுப்பெடுத்தவன். புளிய கெட்டியாக் கரைச்சு ஊத்தி, நல்லெண்ண மெதக்க மெதக்க, அப்படியே வத்த விட்டு, சோத்துல போட்டுப் பெசஞ்சு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பல்லுன்னு எண்ணிக் குடுத்தேன். தின்னு, நீ தின்னு, நீயும் தின்னு. திங்குற வரைக்கும் ராணிதான். வரட்டும், வந்து வாசப்படியிலேயே மயங்கி விழட்டும், மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பி, "வாங்க, நல்லாருக்கீகளா"ன்னு மூஞ்சிக்கு நேரா ஊதணும்னு இருந்தேன். கடைசி வாயி தண்ணி குடிச்சேன் பாரு, அப்ப அவரு மூக்கு ஞாபகம் வந்துச்சு. எப்படி இருந்த வீம்பு, ஒரு டம்ளர் தண்ணியில கரைஞ்சு போச்சு. அவரு மூக்கு சாதாரண மூக்கா? நெய் மண்டியில அந்த மூக்குக்குத்தான் சம்பளம். டின்னு மூடியத் தொறந்து ஒரு சொட்டு பொறங்கையில விட்டுத் தேய்ப்பாரு, கண்ண மூடி ஒரே இழுப்பு. "இது பழசு. இதுல வனஸ்பதி கலந்துருக்கு. இது புது வெண்ணெய உருக்குனது, ஆனா சட்டி அடி புடிச்சிருக்கு." சொன்னா சொன்னதுதான், மொதலாளியே வாய் தொறக்க மாட்டாரு. தெருமொனையில வரும்போதே நம்ம வீட்டுல என்ன தாளிச்சிருக்குன்னு சொல்லுவாரு. அடுத்த வீட்டுல என்ன தாளிச்சிருக்குன்னும் சொல்லுவாரு. அவரு நடக்குறதே மூக்க முன்னாடி விட்டு, பின்னாடி இவரு போற மாதிரிதான் இருக்கும். நான் அத நடிச்சுக் காட்டுனா மண்டியில மூட்ட தூக்குற அண்ணனுங்க கீழ உருண்டு சிரிப்பாக. அது கல்யாணத்துக்கு முந்தி. அங்க வேல பாத்த எங்கப்பாவுக்கு சாப்பாடு கொண்டு போறப்ப. அப்பல்லாம் எனக்கு வாய்ங்கிறது திங்கவும், பேசவும், ஊரையே கேலி பண்ணவும் சாமி குடுத்தது. அதுக்கு ஒரு வாட இருக்கும்னே தெரியாது.

கல்யாணமாகி மூணாவது நாளு. காலைல இட்லி, கார சட்னி, காப்பி எல்லாம் முடிஞ்சுச்சு. நான் அவரு பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டு, தாலி எடுத்துக் குடுக்குறப்ப ஐயருக்குத் தும்மல் வந்துச்சுல்ல, மந்திரமும் நிக்கல தும்மலும் நிக்கல, ரெண்டும் சேந்து வந்துச்சுல்ல, அதச் செஞ்சு காட்டுறேன். "மாங்கல்யம் தந்து... ஹச்... நானேன... ஹச்சு..." நல்லா வந்துச்சு, எனக்கே சிரிப்பு அடக்க முடியல, அவரு தோள்ல சாஞ்சுட்டேன். மூஞ்சியத் திருப்புனாரு. மெதுவாத்தான் திருப்புனாரு. "மொதல்ல போய் வாயக் கழுவு. நாறுது." அம்புட்டுத்தான். வையல, கத்தல. டின்னப் பாத்துப் பழசுன்னு சொல்லுவாருல்ல, அதே கொரலு. தும்மல் பாதியில நின்னு போச்சு, ஐயருக்கு நிக்காதது எனக்கு நின்னுச்சு. போனேன், வெளக்குனேன். அன்னைக்கு ஆரம்பிச்சது. காலைல இட்லி தின்னவொடனே வெளக்குறது, மத்தியானம் புளிக்கொழம்பு, மோருஞ்சோறு தின்னவொடனே வெளக்குறது, ராத்திரி தின்னவொடனே வெளக்குறது. கை கழுவுன ஈரம் காயுறதுக்குள்ள வாயில நொர வந்துரும். கெட்டி பிரஷ்ஷா வாங்குவேன், மெத்துனு இருக்கதெல்லாம் கொழந்தப் புள்ளைக்குன்னு நெனப்பு. சட்டி வெளக்குறாப்புல, கிரீச் கிரீச்சுனு சத்தம் வரணும், நாக்க வச்சுத் தடவுனா கண்ணாடி மாதிரி வழுக்கணும், அப்பத்தான் மனசு ஆறும். ஆறி என்ன? ஒரு தடவ அவுக அக்கா வந்திருந்தப்ப, எதுக்கோ நான் கிட்ட நின்னு பேசிட்டேன். "ஆ காட்டு"ன்னாரு. வெளையாடுறாருன்னு நெனச்சு ஆ காட்டுனேன். கண்ண மூடுனாரு. ஒரு இழுப்பு. "ம்ம்... பழசு." அவுக அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே, "ஏ பேருதான்டி சந்தனம்"னு. அந்தச் சிரிப்ப நான் ரொம்பப் பேருக்குச் செஞ்சு காட்டிருக்கேன், கொக்கு தொண்டையில மீனு சிக்குன மாதிரி இருக்கும். எல்லாரும் சிரிப்பாக. எதுக்குச் சிரிச்சாகன்னு மட்டும் யாருக்கும் சொன்னதில்ல. அதுக்கப்புறம் நான் யாரு மாதிரி பேசிக் காட்டுனாலும் கை வாய்கிட்டயே நிக்கும். பாக்குறவங்க அதும் நடிப்புன்னு நெனச்சுக்கிட்டாக. "சந்தனம் வாயப் பொத்திக்கிட்டு பேசுனாத்தான் நடிப்பு களை கட்டும்"பாக. கட்டும் கட்டும். பன்னெண்டு வருஷம் பொத்திக்கிட்டே குடும்பம் நடத்துனேன். அப்பறமும் போய்ட்டாரு. நாறுற வாயோட வாழ முடியாமப் போனாரா, வேற எவளும் நாறாத வாயோட கெடச்சுட்டாளா, எதையும் சொல்லல. நானும் கேக்கல. கேக்கணும்னா வாயத் தொறக்கணும்ல.

ஒண்ணு பதினொண்ணு. இன்னும் எத்தன நிமிஷம், இருபத்தி நாலு. பல்லாஸ்பத்திரிக்கு நான் வேலைக்குப் போனது வயித்துப்பாட்டுக்குத்தான், ஆனா அங்க மாஸ்க்கு குடுத்தாக பாரு, அதுதான் எனக்குச் சம்பளம். காதுல மாட்டுன ஒடனே எனக்கு முழு வாயும் திரும்பக் கெடச்சிருச்சு. உள்ளுக்குள்ள என்ன வாட இருந்தா என்ன, எனக்குள்ளயே இருக்கட்டும். டோக்கன் கூப்புடுறது, தொடைக்கிறது, டாக்டரம்மா பல்லக் கொடையும்போது எச்சி உறிஞ்சுற கொழாயப் புடிக்கிறது, இதுதான் வேல. நடுவுல வாய் சும்மா இருக்குமா. எங்க பெனிட்டா டாக்டரம்மாவுக்கு நாகர்கோயிலு. "சாப்ட்ட ஒடனே தேய்க்கப்பிடாது கேட்டியளா. காலைல எந்திச்ச ஒடனே தேய்ச்சிட்டு அப்புறமா காப்பி குடியுங்க. இல்ல சாப்ட்டுட்டுதான் தேய்ப்பேன்னா அர மணி நேரம் பொறுக்கணும். புளி, எலுமிச்ச, கலரு சோடா, சப்புற புளிப்பு மாத்திர, இதுக்கெல்லாம் பொறவு கண்டிப்பா பொறுக்கணும். வெறும் தண்ணில கொப்புளிச்சுட்டு சும்ம இருங்க. ராத்திரி தேய்க்காமப் படுக்கப்பிடாது." ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு இதே பாட்டு. ஒரு தடவ அவுக சாப்புடப் போயிருந்தப்ப தெரைக்கு இந்தப் பக்கம் நின்னு நானே அவுக கொரல்ல பாடிட்டேன், நாற்காலில ஆன்னு படுத்துக் கெடந்த மளிகக்கட அண்ணாச்சி, "சரிங்க டாக்டர், ஆனா ராத்திரி எதுக்கு டாக்டர், ராத்திரி யாரு நம்ம வாயப் பாக்கப் போறா"ங்கிறாரு. நியாயந்தான. காலைல வெளக்குறது ஊருக்கு, ராத்திரி வெளக்குறது பல்லுக்கு. நான் வெளக்குனது ரெண்டுக்கும் இல்ல, ஒரு மூக்குக்கு. ஊருக்கெல்லாம் அர மணி நேரம்னு பாடிட்டு, மத்தியானம் டிபன்பாக்ஸ மூடுன கையோட பின்னாடி போய் குழாயடில நின்னு நானு கிரீச்சு கிரீச்சுனு. அப்படித்தான் மாட்டுனேன். பங்குனி மாசம் ஐஸ்தண்ணி ஒரு வாய் குடிச்சுட்டு கண்ணுல தண்ணியோட நின்னேன், டாக்டரம்மா பாத்துட்டாக. "அக்கா, ஏறிப் படுங்க." மாஸ்க்க கழட்டவே எனக்குக் கை வரல. கழட்டுனேன். மூச்ச புடிச்சுக்கிட்டேன். லைட்டப் போட்டு ஒவ்வொரு பல்லாப் பாத்தாக. "என்னக்கா இது. பூச்சி ஒண்ணும் இல்ல, ஆனா பல்லு தேஞ்சுல்லா கெடக்கு. முன்னாடி அஞ்சாறு பல்லுல மேத்தோலே இல்ல. வேரு பக்கம் பள்ளம் விழுந்து கெடக்கு. சாப்ட்ட ஒடனே போட்டுத் தேய்ப்பியளா?" ஆமான்னேன், மூச்ச விடாமலே. "வெள்ளையடிச்ச செவரு ஈரமா இருக்கப்ப தொடப்பத்த வச்சுத் தேய்ச்சா என்ன ஆகும்? வந்துரும்லா. புளி தின்ன ஒடனே பல்லும் அப்படித்தான் ஈரச் செவரு. எச்சிலு ஊறி அது திரும்ப இறுகணும். அதுக்குத்தான அர மணி நேரம். எத்தன வருஷமா இப்படிப் பண்ணுறீய?" பத்தொம்பதுன்னு வெரல்ல காட்டுனேன். "எதுக்கு?" வாய் நாறும்னேன். அவுக கிட்டக்க குனிஞ்சாக. மாஸ்க்கு இல்லாம. எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. "ஒரு நாத்தமும் இல்லியேக்கா. யாரு சொன்னா?"

யாரு சொன்னான்னா கேக்குறீங்க. அதத்தான் அன்னைல இருந்து நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். டாக்டரம்மா நல்லவுக, சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லிருக்கலாம். இல்ல பத்தொம்பது வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சு நாத்தம் போயிருக்கலாம், பல்லோட சேந்து. இல்லன்னா... இல்லன்னாங்குற எடத்துல வந்து மாடு நின்னுக்குது. மொதல்ல இருந்தே ஒண்ணும் இல்லன்னா? மூணாவது நாளு காலையில அது வெறும் கார சட்னியாத்தான் இருந்திருக்கும்னா? வெங்காயம் தின்ன எந்த வாயிலயும் இருக்குறதுதான்னா? ஒண்ணு பதினஞ்சு. கையக் குவிச்சு ஊதிப் பாத்தேன். பூண்டு. அது எனக்கே தெரியுது. மணிக்கட்ட நக்கிட்டு காஞ்சப்பறம் மோந்து பாத்தேன், கூகுள்ல பாத்து டாக்டரம்மாவோட தம்பி சொன்ன வழி, அதுலயும் பூண்டு. பூண்டுக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு சொல்லுறது? கதவ யாரோ தட்டுறாக. அதுக்குள்ளயான்னு கடிகாரத்தப் பாத்தேன். இல்ல, கீழ் வீட்டு ஜெயக்கொடி அக்கா, எங்க வீட்டு ஓனரம்மா. "ஏத்தா, மாடிப்படி முழுக்கப் பூண்டு மணக்குது, என்ன ஊரையே கூப்புட்டுப் பந்தி போடப் போறியா? மாப்ள வாராகளாமே? இன்னும் அந்த நைட்டியோட நிக்குற, ஒரு சேலையச் சுத்துனா என்ன?" "அவருக்கு சேலையெல்லாம் தெரியாதுக்கா, அவருக்கு எல்லாமே மூக்குதான். நெய்யத் தடவிக்கிட்டு நிக்கட்டா?" "வாயப் பாரு! இந்த வாய வச்சுக்கிட்டுத்தான் ஏழு வருஷமா ஒத்தையில கெடக்க." இந்த வாயின்னா எந்த வாயக்கா? பேசுற வாயா, நாறுற வாயா? கேட்டுரலாம்னு தோணுச்சு. கிட்டப் போயி, "அக்கா, செக்போஸ்ட்டுல போலீஸ்காரன் ஊதச் சொல்லுவான்ல, நான் ஊதுறேன், நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க"ன்னு. ஊதுனா சொல்லுவாக. ஆனா அவுக சொல்லி நான் நம்ப மாட்டேன். "வீம்பு புடிக்காத சந்தனம், வாறவர வான்னு கூப்புடு, வாசல்ல ஆம்பளச் செருப்பு ஒண்ணு கெடந்தா நமக்கு ஒரு தைரியம்"னு சொல்லிட்டு எறங்கிப் போறாக. அக்கா, செருப்பு வேணும்னா ஒண்ணு வாங்கிப் போட்டுக்குறேன்னு பின்னாடியே கத்துனேன். சிரிச்சாக. நானும் சிரிச்சேன். காத்து முன்பல்லுல பட்டு சுரீர்னுச்சு. சிரிச்சா கூசுது. வண்டியில போனா கூசுது. கூசுனாலும் சிரிக்கணுமான்னா, அத யோசிச்சுச் சிரிக்கிற ஆளா நானு.

ஒண்ணு பத்தொம்பது. இப்பத்தான் எனக்கு ஒண்ணு புரியுது, புரிஞ்சவொடனே அசிங்கமாவும் இருக்கு. அவரு திரும்ப வந்து இங்க இருக்கணுமா வேணாமாங்குறது கூட எனக்குப் பெருசில்ல. ஒரே ஒரு தடவ அவரு கிட்டக்க வந்து கண்ண மூடி, ஒரு இழுப்பு இழுத்து, "நல்லாருக்கு"ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். டாக்டரம்மா சொல்லி ஏறல, ஜெயக்கொடி அக்கா சொன்னாலும் ஏறாது, பழசுன்னு சொன்ன மூக்கே வந்து இல்லன்னு சொல்லணும். சொல்லிட்டாப் போதும், அப்பறம் இருக்கட்டும், போகட்டும், செருப்ப வச்சுட்டுப் போகட்டும். சொல்லணும்னா அதுக்கு வாய் சுத்தமா இருக்கணும். பூண்டு தின்ன வாயக் காட்டி நல்லாருக்கான்னு கேட்டா எப்படி நியாயம்? அப்ப வெளக்கணும். வெளக்கணும்னா அர மணி நேரம் ஆகணும். அதுவரைக்கும் கதவத் தொறக்காம இருந்தா? பாத்ரூம்ல இருக்கேன்னு கொரல் குடுத்தா? அஞ்சு நிமிஷம், வெளிய நிக்க மாட்டாரா, என்ன அவரு பெரிய கலெக்டரா? நிக்க மாட்டாரு. போயிருவாரு. போனா போகட்டுமே. போகட்டும்னு சொல்லுற வாயும் எனக்குத்தான் இருக்கு, எந்திரிச்சுப் பிரஷ்ஷ எடுக்குற கையும் எனக்குத்தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதே இல்ல. டாக்டரம்மா மெத்துனு ஒரு பிரஷ்ஷு குடுத்தாக, மஞ்சக் கலரு. நாலு மாசமா அதுலதான், அர மணி நேரம் பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் தவறாம. மொதல்ல ரெண்டு வாரம் நரகம், தின்னுட்டு சும்மா உக்காந்துருக்குறது எனக்குத் துணியில்லாம உக்காந்துருக்குற மாதிரி இருந்துச்சு. அப்பறம் பழகுச்சு. கூச்சம் கூட கொறஞ்சுச்சு, காப்பிய ஆத்தாமக் குடிச்சேன் ஒரு நா. ஒண்ணு இருபத்தொண்ணு. ஈரச் செவரு. பதினாறு நிமிஷம்தான் ஆகிருக்கு, இன்னும் ஈரம். மெதுவாத் தேய்ச்சா? லேசா, சும்மா பேஸ்ட்ட மட்டும் ஒத்தி எடுத்தா? குழாயடிக்கு வந்துட்டேன். எப்ப வந்தேன்னு தெரியல. பழைய கெட்டி பிரஷ்ஷு ஜன்னல் கட்டையில கெடந்துச்சு, ஸ்டவ்வுத் தேய்க்க வச்சிருந்தேன். மஞ்சப் பிரஷ்ஷ எடுக்கப் போன கை அத எடுத்துருச்சு. மெத்துனு இருக்கது பூண்டுக்குக் காணாதுன்னு அதுக்கே தோணிருச்சு போல. கிரீச்சு. சுரீர்னு கண்ணுக்குள்ள வரைக்கும் ஏறுச்சு. தேய்ச்சேன். தேய்ச்சேன். நொர செவப்பா விழுந்துச்சு. இன்னொரு தடவ பேஸ்ட்டு வச்சேன். நாலு மாசம் கட்டுன செவரு, போடின்னு, அஞ்சு நிமிஷத்துல. நாக்க வச்சுத் தடவுனேன். கண்ணாடி. பழைய கண்ணாடி. மனசு ஆறுச்சு, அந்த ஆறுதல நெனச்சாத்தான் எனக்கு என் மேலயே குமட்டுது.

ஒண்ணு இருபத்தொம்பதுக்கு மாடிப்படியில சத்தம். நைட்டி மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டு கதவத் தொறந்தேன். மெலிஞ்சு போயிருந்தாரு. காதோரமெல்லாம் வெள்ள. கையில ஒரு துணிப் பை, காக்கிக் கலரு, ஜிப்பு போனது, உள்ளருந்து சட்டக் காலரு ஒண்ணு எட்டிப் பாக்குது. இருந்துக்கவான்னு கேக்க வந்தவரு இருக்குறதுக்கு உண்டானதக் கையோட கொண்டாந்துட்டாரு. "வாங்க"ன்னேன், கைக்குள்ள. "நல்லாருக்கியா?"ன்னாரு. பைய உள்ள நாற்காலிக்குப் பக்கத்துல வச்சுட்டு உக்காந்தாரு. நான் அடுப்படி வாசல்ல நின்னேன், எட்ட. "சாப்ட்டீகளா?" "இல்ல. என்ன கொழம்பு?" மாடிப்படி முழுக்க மணக்குதுன்னு ஜெயக்கொடி அக்கா வந்து சொன்னாக, இவரு வந்து நடுவீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன கொழம்புங்கிறாரு. தெருமொனையிலயே சொல்லுற ஆளு. "தெரியலையா?"ன்னேன். "என்னத்த?"ன்னாரு. அப்பறம் தலையத் தொங்கப் போட்டுட்டாரு. "மூக்கு போச்சு சந்தனம். ரெண்டு வருஷமாச்சு. ஒரு காய்ச்ச வந்துச்சு, காய்ச்சலோட போச்சு. எல்லாம் திரும்ப வரும்னாக, வரல. பெருங்காயத்த மூக்கு நுனியில வச்சுத் தேய்ச்சாலும் ஒண்ணும் தெரியாது. மண்டியில வேற ஒரு பயலப் போட்டுட்டாக." எனக்குப் பாவமா இருந்திருக்கணும். காலு தானா நடந்துச்சு. அவரு முன்னாடி போயி நின்னேன். கைய எடுத்தேன். "நான் ஊதுறேன், மோந்து பாருங்க"ன்னேன். "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுறேன்ல." "பரவாயில்ல, பாருங்க." மூஞ்சிக்கு நேரா, ஹான்னு, அடி வயித்துல இருந்து ஊதுனேன். கண்ண மூடல. இழுக்கல. ஃபேனு முன்னாடி உக்காந்த மாதிரி உக்காந்திருந்தாரு. "ம்ஹூம்." "என் வாய் நாறுதா இல்லையா?" "அதான் தெரியலங்கிறேன். எதுக்குக் கேக்குற?" "நாறுதுன்னு சொன்னீகளே. கல்யாணமான மூணா நாளு. ஒங்க அக்கா முன்னாடி ஆ காட்டச் சொல்லிப் பழசுன்னு சொன்னீகளே." அவரு முகட்டப் பாத்தாரு. நெசமாவே யோசிச்சாரு, அதுல பொய் இல்ல, மறந்து போன பாட்டுக்கு அடுத்த வரியத் தேடுற மாதிரி தேடுனாரு. "நானா? அப்படியா சொன்னேன்?" அப்பறம், "சொல்லிருப்பேன். ஏதாச்சும் வெளையாட்டுக்குச் சொல்லிருப்பேன். நீயுந்தான் ஊரையே கேலி பண்ணுவ. அதையெல்லாமா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்க? இனிமேத்தான் என்ன, நீ பாட்டுக்குப் பூண்டு தின்னு, வெங்காயம் தின்னு, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு வரம் குடுக்குற மாதிரி சொல்லிட்டு, "சோத்தப் போடு"ன்னாரு.

வெளையாட்டுக்கு. நாக்கு தானாப் போயி முன்பல்ல தடவுச்சு, ரத்தம் இன்னும் உப்புக் கரிச்சுச்சு. அந்த மூக்கு நல்லாருக்குன்னும் சொல்லாது, பழசுன்னும் சொல்லாது, இனிமே என்னைக்கும் சொல்லாது. எனக்கு எத்தன கொரலு தெரியும். ஐயரு தெரியும், டாக்டரம்மா தெரியும், அவுக அக்கா சிரிப்பு தெரியும், இவரே எனக்கு அத்துப்படி. ஒண்ணு கூட எந்திரிச்சு வரல. எல்லாம் எங்கிட்டோ போயிருச்சு. என் கொரல்லயே மெதுவாத்தான் சொன்னேன், "ஒங்க மூக்குக்கு இப்ப நான் ஆகும். என் பல்லுக்கு நீங்க ஆகாது." அவரு என்னையப் பாத்தாரு. அப்பறம் மூஞ்சி மலந்து போய்ச் சிரிச்சாரு. ஏழு வருஷத்துல எனக்கு அந்தச் சிரிப்பு மறந்தே போச்சு. "இன்னும் நீ விடலையா அத? இது யாரு, பல்லாஸ்பத்திரில வேல பாக்குறியாமே, அந்த டாக்டரம்மாவா? அச்சு அசலா இருக்கு"ன்னாரு. எங்க டாக்டரம்மாவ அவரு பாத்ததே இல்ல. நாற்காலிக்குப் பக்கத்துல இருந்த காக்கிப் பையத் தூக்குனேன். கனமே இல்ல. கொண்டு போயி மாடிப்படியில, வெயில்ல வச்சேன்.